பேராலயம் மேற்கே நடந்த பத்தொன்பது வருடங்கள்

ராபன்வெர்ட் நகரத்துப் பேராலயம் வருடத்துக்கு ஒன்றரை அடி வீதம் மேற்கே நடந்தது. ஆயிரத்து நானூற்று இருபத்திரண்டாம் வருடம், தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை அது புறப்பட்டது என்று கொல்லர் சங்கத்தின் ஏட்டில் இருக்கிறது. ரொட்டிக்காரர் சங்கத்து ஏடு அதற்கு முந்தின நாள் என்கிறது. அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காக இரண்டு சங்கத்தாரும் இன்றுவரை ஒரே மேசையில் உட்கார்ந்து பீர் குடிப்பதில்லை. நடந்தது என்பதில் மட்டும் யாருக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. பீடத்துக்குப் பின்னால் வெறும் மண் தெரிந்தது. முந்நூறு வருடமாக வெயில் பார்க்காத, ஒரு புழுகூட இல்லாத, வெளுத்த மண். முன்பக்கம் சதுக்கம் அதே அளவு குறைந்தது. நிலவறையில் படுத்திருந்த ஏழு ஆயர்களும் கல்லறையோடு கூடவே வந்தார்கள். உள்ளே எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரிகளில் ஒன்றுகூட அணையவில்லை.

கட்டட வேலையின் தலைமை மேஸ்திரி எண்ட்ரெஸ் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று கருதினார். கோயிலின் கிழக்குப் பாதி, அதாவது பீடம் இருக்கிற பாதி, பழைய காலத்து வேலை. வட்ட வளைவுகள், ஒரு ஆள் படுத்து உருளக்கூடிய அகலத்துக்குச் சுவர், முஷ்டியளவு சன்னல்கள். அதை யாரும் அசைத்திருக்க முடியாது. எண்ட்ரெஸின் அப்பா காலத்தில் வந்த ஆயருக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. சுவரை மெலிதாக்கு, சன்னலைப் பெரிதாக்கு, கூரையைத் தூக்கு என்றார். மெலிந்த சுவர் உயர்ந்த கூரையைத் தாங்காது, வெளிப்பக்கம் பிளந்துகொள்ளும். ஆகவே சுவருக்கு வெளியே பக்கத்துக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு கற்கால்களை நிறுத்தி, ஒவ்வொரு காலிலிருந்தும் பாதி வளைவாக ஒரு கையை நீட்டிச் சுவரைத் தாங்கிப் பிடித்தார்கள். கடைசிக் காலின் உச்சிக்கல்லை வைத்தது இருபத்தொன்றாம் வருடத்து அறுவடைக்குப் பிறகு. பனிக்காலம் முழுவதும் கோயில் சும்மா இருந்தது. தவக்காலத்தில் கிளம்பிவிட்டது. “இருபத்துநாலு காலு வெச்சுக் கட்டியிருக்கோம். காலு இருந்தா நடக்காம என்னங்க செய்யும்?” என்று கேட்பார் எண்ட்ரெஸ். வேலை முடியாத வடக்குக் கோபுரத்தின் உச்சியில் கல் தூக்குகிற மரச்சக்கரம் ஒன்று நின்றது. கோயில் நகரும்போது அது மட்டும் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். மற்றபடி நடை சுத்தமான நடை.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஒன்றரை அடி என்பது பெரிய விஷயமில்லை. ரைன் நதியே வருடத்துக்கு அதைவிட அதிகமாகக் கரையைத் தின்கிறது. சவப்பெட்டி சுமக்கிறவர்கள் கிணற்றிலிருந்து வாசல்வரை இத்தனை காலடி என்று எண்ணி வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையில் ஒரு காலடியைக் குறைத்துக்கொண்டார்கள். மேற்கே எதற்காக என்ற கேள்விக்கு மட்டும் ஆளுக்கொரு பதில் இருந்தது. வெயிலுக்காக என்றார்கள் சிலர். நதியில் கால் நனைக்க என்றார்கள் படகுக்காரர்கள். சதுக்கத்துப் பெண்கள் சொன்ன பதில் வேறு. உள்ளே நாள் முழுக்க லத்தீனில் பேசுகிறார்கள், அதற்கும் புரியவில்லை, வெளியே என்ன பேசுகிறோம் என்று கேட்க வருகிறது என்றார்கள். நகர்ந்ததெல்லாம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மீன் நாள். மீன் நாளில் சதுக்கத்தில் உரக்கக் கேட்கும் குரல் ஓட்டிலியாவுடையது.

ஓட்டிலியா உப்புமீன் விற்றாள். வடகடலில் பிடித்து உப்பில் அடுக்கின மீன், பீப்பாய் பீப்பாயாகப் படகில் வரும். அவள் கணவன் பர்கார்ட் துறையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவான். கடை எட்டடி நீளம். அவளுடைய மாமியார் வழியாக வந்த இடம். அதற்கு அடையாளமாகத் தரையிலே ஒரு கல், கல்லிலே ஈயம் ஊற்றி இறுக்கிய இரும்பு வளையம். கூடாரத் துணியின் கயிற்றை அதில்தான் கட்டுவாள். சதுக்கத்தில் ஒருவருக்கு இருந்த இடம் பறிபோனால் வேறு இடம் கிடையாது. நாற்பத்தாறு கடைகள், நாற்பத்தாறு வளையங்கள். இடமில்லாதவர்கள் மேற்கு வாயிலுக்கு வெளியே, தோல் பதனிடுகிற குழிகளுக்குப் பக்கத்தில் விற்கலாம். அங்கே போய் மீன் வாங்கும் அளவுக்கு மூக்கடைத்தவர்கள் ராபன்வெர்ட்டில் இல்லை.

கோயில் கிளம்பிய வருடத்தில் வாசலுக்கும் அவள் கடைக்கும் நடுவே முப்பத்திரண்டு அடி இருந்தது. பத்தொன்பதாவது வருடத்தில் ஏறக்குறைய நான்கடி இருந்தது. பக்கத்தில் முட்டை விற்கிற அப்பொலோனியா அவளைச் சீண்டாத நாள் கிடையாது.

“ஏண்டி ஓட்டிலியா, உன் மீன் வாசனைக்குத்தான் அது வருது. பூனை மாதிரி.”

“வரட்டுமேடி. உன் முட்டைக்கு யாரும் வரலேன்னு பொறாமையா?”

“நான் எதுக்கு பொறாமைப்படறேன்? நாளைக்கு நீ காலை நீட்டினா கோயில் படில இடிக்கும். அப்ப தெரியும்.”

“இடிச்சா மடக்கிக்கிறேன். இருபத்துநாலு கால் இருக்கறதுக்கே மடக்கத் தெரியலே, எனக்கு இருக்கறது ரெண்டுதானே.”

பேராலயத்துக் குருமாருக்குத் தலைவராக அப்போது இருந்தவர் ரைன்மார் சாமி. கெட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தோட்டத்தில் பிரியம் அதிகம். கோயில் விட்டுப் போன மண்ணில் குருமார் எரு போட்டு, புழு கொண்டுவந்து விட்டு, பூண்டும் முட்டைக்கோசும் பயிர் செய்திருந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அது இருபத்தெட்டரை அடி அகலத்துக்கு வளர்ந்த நல்ல தோட்டம். கோயில் நடக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், நடந்து வந்து பிடித்துக்கொண்ட சதுக்கத்துக்கு ஈடாக நகரத்தார் அந்தத் தோட்டத்தைக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அவர் கண்ணில் கோயில் நடக்கவில்லை. அப்படியானால் வாசலுக்கு நான்கடியில் ஒரு மீன்கடை எப்படி வந்தது? கடைதான் நகர்ந்து வந்திருக்க வேண்டும். நாற்பத்தொன்றாம் வருடம் ஈஸ்டர் முடிந்ததும் நகர நீதிபதி ஹார்ட்மூட்டிடம் அவர் முறையிட்டார். உப்புமீன்காரி ஓட்டிலியா தன் எல்லைக்கல்லைச் சிறிது சிறிதாகத் தள்ளிக் கோயில் நிலத்தைப் பிடித்துக்கொண்டாள், ஊர்வலம் போக வழியில்லை என்பது முறையீடு. எல்லைக்கல்லை நகர்த்தியவர் ஆயுள் முழுவதும் சதுக்கத்தில் கடை போடக் கூடாது என்பது ஊர்ச் சட்டம்.

ஹார்ட்மூட் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். “நீ நகர்ந்தியாம்மா?”

“ஐயா, நான் நாலு பிள்ளை பெத்தது கூட அந்தக் கல்லுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். அதுக்கு மேல எங்கேயும் போனதில்லை.”

“கல்லை யாராவது நகர்த்தியிருக்கலாமில்லே?”

“அந்தக் கல்லைத் தூக்க ஆறு ஆள் வேணும். ஆறு ஆள் இருந்தா நான் பீப்பாயைத் தூக்கச் சொல்லியிருப்பேன், கல்லையா தூக்கச் சொல்வேன்?”

அளந்து பார்ப்பது என்று முடிவானது. நகரத்தின் பழைய சாசனத்தில் சதுக்கத்து அளவெல்லாம் கிணற்றிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. ஓட்டிலியாவின் வளையத்துக்குப் பன்னிரண்டு கோல். பேராலயத்தின் வாசற்படிக்குப் பதினான்கு கோல். பீர்க்கடை வாசலுக்கு ஒன்பது கோல். ஒரு கோல் என்பது பதினாறு பாதம். யாருடைய பாதம் என்பதில் ராபன்வெர்ட் மிகவும் நியாயமான ஊர்: ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து முதலில் வெளியே வருகிற பதினாறு ஆண்களை, நெட்டை குட்டை பார்க்காமல், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒருவன் இடது பாதத்துக்குப் பின்னால் அடுத்தவன் இடது பாதம், குதிகால் நுனியில் விரல் நுனி தொட, வரிசையாக வைக்க வேண்டும். அந்த நீளத்துக்கு ஒரு கோலை வெட்டினால் அதுதான் அந்த வழக்குக்குச் சட்டப்படியான கோல். வழக்கு முடிந்ததும் அதை எரித்துவிடுவார்கள். பழைய கோல் காய்ந்து சுருங்கி அநியாயம் செய்துவிடும் என்ற பயம். கோல் சுருங்குவதைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் பாதங்களைப் பற்றி யோசிக்கவில்லை.

ரைன்மார் சாமி யோசித்திருந்தார். அந்த ஞாயிறு, தையற்காரர் சங்கத்தின் பக்தியைப் பாராட்டுகிற விதமாக, வாசலை ஒட்டிய கடைசி வரிசைகளை அவர்களுக்கு ஒதுக்கினார். தையற்காரர்கள் நாள் முழுவதும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். மெல்லிய துணிச் செருப்பு போடுகிறவர்கள். பாதம் வளர்வதற்கு அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. பூசை முடிந்து முதலில் வெளியே வந்த பதினாறு பேரும் தையற்காரர்கள். வரிசையாகக் கால் வைத்தார்கள், கோல் வெட்டினார்கள், கிணற்றிலிருந்து அளந்தார்கள். பேராலயத்தின் வாசற்படி மிகச் சரியாகப் பதினான்கு கோலில் இருந்தது, சாசனத்தில் இருக்கிறபடியே. பன்னிரண்டு கோலில் இருக்க வேண்டிய ஓட்டிலியாவின் வளையம் பதினான்குக்கு நான்கடி குறைவாக இருந்தது. ஆகவே கோயில் நடக்கவில்லை, மீன்கடைதான் நடந்திருக்கிறது என்று ஆயிற்று.

கூட்டம் முணுமுணுத்தது. ஓட்டிலியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “அந்தக் கோலை எரிச்சிடாதீங்க. அப்படியே பீர்க்கடையையும் அளந்திடுங்க” என்றாள்.

பீர்க்கடை சாசனப்படி ஒன்பது கோல். தையற்காரர் கோலுக்குப் பத்தே கால் வந்தது. ரொட்டிக்கடையை அளந்தார்கள். அதுவும் கிணற்றைவிட்டு விலகிப் போயிருந்தது. நகரமன்றக் கட்டடத்தை அளந்தபோது அது ஒன்றே முக்கால் கோல் தூரம் ஓடியிருந்தது தெரிந்தது. ஹார்ட்மூட்டுக்கு வியர்த்துவிட்டது. “அப்ப என் நாற்காலியுமா நடந்திருக்கு?” என்றார்.

“எல்லாரும் நடந்திருக்கோம் ஐயா. கோயில் ஒண்ணுதான் பாவம், நின்ன இடத்துல நிக்குது” என்றாள் ஓட்டிலியா.

சிரிப்பு எழுந்தது. ரைன்மார் சாமி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, பிரசங்கத்தில் பேசுகிற அதே சாந்தமான குரலில், “அதுல சிரிக்க என்ன இருக்கு? அசையாதது திருச்சபை ஒண்ணுதான். அசையறது உலகம். இதைத்தானே நாங்க ஞாயித்துக்கிழமை தவறாம சொல்லிட்டு வர்றோம்?” என்று கேட்டார்.  அவர் சொன்னதில் யாராலும் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. நீதிபதிக்கும் முடியவில்லை. ஆனால் தன் நாற்காலி ஓடிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு முறை அளப்பது, அன்று வாசலில் தானே நின்று ஆட்களை எண்ணுவது, அதுவே கடைசித் தீர்ப்பு என்று சொன்னார். அதுவரை ஓட்டிலியா கடை போடலாம். அளவு மறுபடி அப்படியே வந்தால் திங்கட்கிழமை காலை கல்லைப் பெயர்த்துவிடுவார்கள்.

அந்த வாரம் முழுவதும் அப்பொலோனியா நிலைகொள்ளவில்லை. அவளுடைய தம்பிமார் மூன்று பேர் கருங்காட்டிலிருந்து மரம் கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவருகிறவர்கள். அவர்கள் போடுகிற பூட்ஸில் ஒன்றைக் கவிழ்த்தால் கோழி அடைகாக்கலாம்.

“நான் சொல்றதைக் கேளுடி. மரக்காரப் பயலுக இருபது பேரைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தறேன். அவன் தையக்காரன வெச்சா நாம மரக்காரன வெப்போம்.”

“வேண்டாம்டி.”

“ஏன் வேண்டாம்? கல்லைப் பெயர்த்தப்பறம் தோல்குழிகிட்ட உக்காந்து யாருக்கு விப்பே? நாய்க்கா?”

“மரக்காரன் காலை வெச்சு அளந்தா கோயில் வாசல் பத்து கோல்ல நிக்கும். என் வளையம் கிணத்துப் பக்கம் ஓடி வந்த மாதிரி ஆயிடும். அப்பவும் கல்லை நகர்த்தினவ நான்தான். எனக்குப் பெரிய காலும் வேண்டாம், சின்னக் காலும் வேண்டாம். வர்றவன் வரட்டும்.”

“உனக்குக் கொழுப்புடி.”

“இருந்தா நல்லதுதான், மீன்ல கொழுப்பு இருந்தாதான் ருசி” என்று சொல்லிவிட்டு ஓட்டிலியா வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டாள். அவள் அந்த வாரம் தூக்கம் கெட்டதாகவோ சாப்பாடு குறைந்ததாகவோ பர்கார்ட் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட உரக்கக் கூவி இரண்டு பீப்பாய் விற்றாள். அந்த வெள்ளிக்கிழமை கோயில் நகரவில்லை. வடக்குக் கோபுரத்து மரச்சக்கரம் மட்டும் மூன்றுமுறை கிறீச்சிட்டது. நகரத்தான் போகிறது என்று நினைத்து எண்ட்ரெஸ் மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். இறங்கி வந்து, “மூச்சு இழுத்துப் பிடிச்ச மாதிரி நிக்குது” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஹார்ட்மூட் வாசலில் நின்று எண்ணினார். முதலில் இரண்டு தையற்காரர்கள் வந்தார்கள், பிறகு ஒரு கொல்லன், பிறகு பள்ளி ஆசிரியர், ஒரு மரக்காரன், நொண்டி நடக்கிற மெழுகுதிரி வியாபாரி, பன்றி வளர்க்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். இப்படி நெட்டையும் குட்டையுமாகப் பதினாறு பேர். முதல் ஆள் வாசற்படியை ஒட்டி இடது பாதத்தை வைத்தார். வரிசை சதுக்கத்துக்குள் நீண்டது. ஓட்டிலியாவின் கடை வாசலுக்கு நான்கடியில் இருந்ததால் ஐந்தாவது ஆளிலிருந்து கடையை உரசிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. அவள் தன் வளையத்தின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ரைன்மார் சாமி. கிணறு இருக்கும் திசையில் ஊரே நின்றது. பதினாறாவது ஆள், பன்றிக்காரத் தம்பி, கால் வைத்தான்.

அவன் குதிகால் தரையைத் தொட்டதும் பேராலயம் ஒரு எட்டு எடுத்து வைத்தது. பத்தொன்பது வருடத்தில் நடந்ததைவிட அதிகம், நாற்பதடி, ஒரே மூச்சில். பெரிய மாடு ஒன்று வழியில் தூங்குகிற நாயைத் தாண்டிப் போகிறதே, அவ்வளவு பதமாக வாசல் அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஒரு நொடி வெயில் இருந்தது, அடுத்த நொடி நீலமும் சிவப்புமாகச் சன்னல் வெளிச்சம். தரை மண் கல்தளமாக மாறியது. ஓட்டிலியாவின் எட்டடி மட்டும் மண்ணாகவே இருந்தது, வளையம் பதித்த கல்லோடு; மற்றக் கடைகள் சுவருக்கு வெளியே நின்றுவிட்டன. பதினாறு பேரும் கால் மாற்றாமல் நின்றார்கள், ஏனென்றால் நீதிபதி இன்னும் நகரச் சொல்லவில்லை. கூரைக்குள் மாட்டிக்கொண்ட ஏழெட்டுப் புறாக்கள் இரண்டு சுற்றுச் சுற்றி, தூண்களின் தலையில் உட்கார்ந்துகொண்டன. உடைந்தது ஒரே ஒரு முட்டை. அதுவும் அப்பொலோனியா வாயைப் பிளந்தபோது அவள் கையிலிருந்து தானாக விழுந்தது. வெளியே நின்ற ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாசல் வழியாக ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். எல்லோரும் மறக்காமல் தொப்பியைக் கழற்றினார்கள்.

கோல் வெட்டப்பட்டது. கிணற்றிலிருந்து, புதிய வாசலைத் தாண்டி, உள்ளே இடது பக்கத்து மூன்றாம் தூண்வரை அளந்தார்கள். ஓட்டிலியாவின் வளையம் பன்னிரண்டு கோலில் இருந்தது. ஒரு விரற்கடைகூடக் கூடவோ குறையவோ இல்லை. வாசற்படி எங்கே இருக்கிறது என்று அளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. கடை நகரவில்லை, அந்த எட்டடியும் நகரத்தின் சதுக்கம்தான், கோயில் அதன்மேல் வந்து நிற்கிறது என்று ஹார்ட்மூட் அங்கேயே, எண்ணெய் விளக்கடியில் வைத்துத் தீர்ப்பு எழுதினார்.  ரைன்மார் சாமி சளைக்கிற ஆள் இல்லை.

“சரி, நடந்துச்சு. ஒத்துக்கறேன். ஆனா இப்ப இது கோயிலுக்குள்ளே. கோயிலுக்குள்ளே வியாபாரம் கூடாது. ஆண்டவரே சாட்டை எடுத்து விரட்டியிருக்கார். தெரியுமா தெரியாதா?”

“தெரியும் சாமி. கோயிலுக்குள்ள போய்க் கடை போட்டவங்களை விரட்டினார். இங்க கடைக்குள்ள கோயில் வந்து உக்காந்திருக்கு. யாரை விரட்டணும்னு நீங்களே சொல்லுங்க.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்லே உனக்கு.”

“அது இருந்ததாலதான் சாமி, கோயிலே இவ்வளவு தூரம் வந்திருக்கு” என்று அப்பொலோனியா பின்னாலிருந்து சொன்னாள்.

மண் யாருடையது என்பது நகரத்துச் சட்டம், அதை முடித்தாயிற்று; கோயிலுக்குள் எது இருக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம், அதை ஆயர்தான் சொல்ல வேண்டும் என்று ஹார்ட்மூட் கையைக் கழுவிக்கொண்டார். அதற்கு அதிக நாள் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. புதிய நிலத்தின் மேல் நிற்கிற கோயிலை முறைப்படி மறுபடியும் அர்ச்சிக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே செய்கிற கல்யாணங்கள் செல்லுமா என்ற சந்தேகம் வந்துவிடும். ஆயர் நகரத்தாரோடு மனத்தாங்கலாகி நதிக்கு மேலே கோட்டையில் இருந்தார். ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாளுக்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த இரண்டு மாதமும் ஓட்டிலியா கோயிலுக்குள்ளேயே கடை போட்டாள். கூடாரத் துணி தேவைப்படவில்லை என்றாலும் கயிற்றை வளையத்தில் கட்டத் தவறவில்லை. கட்டாத நாள் வந்தால் உரிமை போய்விடும். திருப்பாத்திரம் உயர்த்துகிற மணி அடிக்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டாள். பிரசங்கம் நடக்கும்போது சத்தம் போடாமல் விரலைக் காட்டி விற்றாள். அவளைச் சலிக்க வைக்க ரைன்மார் சாமி பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போனார். மீன் உப்பில் இருக்கிற மீன், அவசரப்படவில்லை. அந்தக் கோடையில் பூசைக்கு வருகிற கூட்டம் இரட்டிப்பானது என்று கோயில் ஏட்டிலேயே இருக்கிறது. பேராலயம் அதற்குப் பிறகு நகரவில்லை. எண்ட்ரெஸ் இருபத்துநான்கு கால்களையும் தட்டிப் பார்த்து, எல்லாம் உறுதியாக ஊன்றிவிட்டன என்று சொல்லி, கோபுர வேலையை மறுபடி ஆரம்பித்தார்.

கோயிலை அர்ச்சிக்கிற சடங்கில் ஒரு கட்டம் இருக்கிறது. கோயில் தரையில் மூலைக்கு மூலை, பெருக்கல் குறி போல இரண்டு பட்டையாகச் சாம்பலைத் தூவுவார்கள். ஆயர் தன் செங்கோலின் நுனியால் ஒரு பட்டையில் கிரேக்க எழுத்துக்களையும் மற்றதில் லத்தீன் எழுத்துக்களையும் முதலிலிருந்து கடைசிவரை எழுதிக்கொண்டே நடப்பார். எழுத்து விழுந்த தரை ஆண்டவருடைய தரை. அதற்குப் பிறகு அங்கே யாரும் கடை போட முடியாது, எந்த நீதிபதியும் எதையும் திருப்பி எழுத முடியாது. லத்தீன் பட்டை கிழக்கு மூலையிலிருந்து இடது பக்கத்து மூன்றாம் தூண் வழியாகத்தான் போயாக வேண்டும். ரைன்மார் சாமி சாம்பலைத் தூவவைத்தபோது ஓட்டிலியாவின் எட்டடியின் விளிம்புவரை தூவி, அந்தப் பக்க விளிம்பிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். நடுவில் இருப்பவள் எழுந்ததும் மிச்சத்தைத் தூவ, ஒரு குரு கையில் சாம்பல் கூடையோடு தயாராக நின்றார்.

ஓட்டிலியா எழவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற கறுப்பு உடையில், வெள்ளை முக்காட்டில், திறந்த பீப்பாய்க்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பர்கார்ட் தூணுக்குப் பின்னால் நின்று வேர்த்துக்கொண்டிருந்தான்.  எண்பது வயது ஆயர் குனிந்தபடியே எழுத்து எழுத்தாக நகர்ந்து வந்தார். முக்கால்வாசி எழுத்துக்களை முடித்திருந்தார். அடுத்த எழுத்துக்குக் கோலைத் தூக்கியபோது எதிரே ஒரு பீப்பாய் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

“யாரும்மா நீ?”

“ஓட்டிலியாங்க, ஆண்டவரே. உப்புமீன் விக்கிறேன்.”

“கோயில் இங்க எப்ப வந்துச்சு?”

“ஈஸ்டர் கழிச்சு ரெண்டாவது ஞாயித்துக்கிழமைங்க.”

“நீ எப்ப வந்தே?”

“நான் முப்பத்தோரு வருஷமா இங்கதான். அதுக்கு முன்னாடி எங்க மாமியா.”

ஆயர் திரும்பி ரைன்மார் சாமியைப் பார்த்தார். “பின்னாடி ஒரு தோட்டம் இருக்குதாமே. அதுல என்ன போட்டிருக்கீங்க?”

“பூண்டு, ஆண்டவரே. கொஞ்சம் முட்டைக்கோஸ்.”

“நல்லா வருதா?”

“நல்லா வருதுங்க.”

“நடந்து போனவர் உங்களுக்குத் தோட்டம் விட்டுட்டுப் போயிருக்கார். வந்த இடத்துல இவளுக்கு எட்டடி விடக்கூடாதா?” என்றார் ஆயர். ரைன்மார் சாமி சாம்பல் கூடைக்காரரைப் பார்த்தார். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். ஆயர் செங்கோலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடையைச் சுற்றி மறுபக்கம் போய், விட்ட எழுத்திலிருந்து சரியாகத் தொடங்கிக் கடைசி எழுத்துவரை எழுதி முடித்தார். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை என்று பள்ளி ஆசிரியர் எண்ணிப் பார்த்துச் சொன்னார். அந்த எட்டடி மட்டும் சதுக்கமாகவே நின்றுவிட்டது. அங்கே கோடையில் புழுதி பறக்கும், பனிக்காலத்தில் உறைபனி பாளம் கட்டும். சுற்றிலும் கல்தளம் வெதுவெதுவென்று இருக்கும். அதில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

எழுத்து முடிந்ததும் தீர்த்தம் தெளிக்கிற கட்டம். ஆயர் குஞ்சத்தைத் தீர்த்தத்தில் நன்றாக முக்கி எடுத்து, சுவர்களுக்கும் தூண்களுக்கும் தெளித்துக்கொண்டே மூன்றாம் தூணுக்கு வந்து, ஆசீர்வதிக்கிற ஆசையில் கையை உயரத் தூக்கினார். ஓட்டிலியா பீப்பாயின் மேல் குனிந்து முக்காட்டை விரித்துப் பிடித்தாள்.

“பாத்துங்க ஆண்டவரே, கொஞ்சமா தெளிங்க. உப்பு கரைஞ்சா மீன் நிக்காது.”

ஆயர் குஞ்சத்தை ஒருமுறை உதறிவிட்டுக் கொஞ்சமாகத் தெளித்தார்.